சர்ச்சுக்கும் போறோம், ஜாதகமும் பாக்கறோம்: பைபிள் இதை எப்படி பாக்குது?

தம்பி, நீங்க கேட்டதை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியணும்ல. நீங்க கிறிஸ்தவக் குடும்பம், ஓஎம்ஆர்ல ஐடி கம்பெனி வேலை. ஆயுத பூஜைக்கு ஆபீஸ்ல எல்லாரும் நிக்கும்போது நீங்களும் நிக்கிறீங்க, டேபிளுக்கு வர்ற பொரி கடலைய சாப்பிடறீங்க, அப்புறம் ஞாயித்துக்கிழமை நற்கருணை எடுக்கும்போது மனசு உறுத்துது. இன்னொரு பக்கம் உங்களுக்குப் பொண்ணு பாக்கறாங்க, பொண்ணு வீட்டுக்காரங்களும் சர்ச் போறவங்கதான், ஆனா "சும்மா ஒரு சேஃப்டிக்கு ஜாதகமும் பாத்துடலாமே"ங்கறாங்க, உங்கம்மாவும் "பாத்தா என்ன குறைஞ்சிடப் போகுது"ன்னு தலையாட்டிட்டாங்க. இதுல எது விக்கிரகாராதனை, எது இல்ல, இதான் கேள்வி.

என் பதில் உங்களுக்கு கொஞ்சம் தலைகீழா தெரியலாம். நீங்க ஆயுத பூஜையப் பத்தி ஒரு பக்கத்துக்கு எழுதிட்டு ஜாதகத்தை ரெண்டு வரில முடிச்சிட்டீங்க. பைபிள்கிட்ட கேட்டா அந்த ரெண்டு வரிதான் பெரிய விஷயம்னு சொல்லும்.

ஏன்னு சொல்றேன். விக்கிரகாராதனைன்னா நம்ம ஆளுங்களுக்கு உடனே பக்கத்துத் தெரு கோயில்தான் ஞாபகம் வருது. ஆனா பழைய ஏற்பாட்டை உக்காந்து படிச்சுப் பாருங்க, இந்த விஷயத்துல தீர்க்கதரிசிங்ககிட்ட அதிகமா திட்டு வாங்கறது யாரு, வெளி ஆளுங்க இல்ல, சொந்த ஜனங்கதான், அதுலயும் கர்த்தரை விட்டுட்டுப் போனவங்களை விட கர்த்தரையும் வச்சிக்கிட்டு கூடவே இன்னொண்ணையும் வச்சிக்கிட்டவங்க. பொன் கன்னுக்குட்டிய எடுத்துக்கோங்க, யாத்திராகமம் 32. மோசே மலை மேல போய் நாளாச்சு, ஜனங்க பயந்துட்டாங்க, மோசேயோட அண்ணன் ஆரோன் அவங்க காதுல கிடந்த பொன் தோடெல்லாம் வாங்கி கன்னுக்குட்டி பண்றான். பண்ணிட்டு என்ன அறிவிக்கிறான் தெரியுமா? "நாளைக்குக் கர்த்தருக்குப் பண்டிகை". பாகாலுக்குன்னு சொல்லல, எகிப்து சாமிக்குன்னும் சொல்லல. பேரு கர்த்தர் பேருதான், பண்டிகையும் அவருக்குத்தான், ஆனா கையில புடிக்கிற மாதிரி, நம்ம அவசரத்துக்கு நம்ம கூட வர்ற மாதிரி ஒரு சாமி வேணும்னு பண்ணிக்கிட்டாங்க. பின்னாடி யெரொபெயாம் ராஜாவும் இதையே பண்ணான், சாலொமோனுக்கு அப்புறம் நாடு ரெண்டா உடைஞ்சப்போ பெத்தேல்ல ஒண்ணு, தாண்ல ஒண்ணுன்னு கன்னுக்குட்டி வச்சு "எருசலேம் வரைக்கும் போறது உங்களுக்கு வருத்தம்"னு ஜனங்க மேல கரிசனம் மாதிரி பேசினான், உள்ள இருந்த கணக்கு என்னன்னா ஜனங்க எருசலேம் போனா அங்க ஆண்ட தாவீது குடும்பத்துப் பக்கம் சாஞ்சிடுவாங்கங்கற பயம். பக்திக்குள்ள அரசியல், நமக்கு ஒண்ணும் புதுசு இல்ல.

இப்போ பாகால் கதைக்கு வருவோம், இதைக் கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா சண்டே ஸ்கூல்ல நமக்கு கத்துக் கொடுத்த மாதிரி அது "முட்டாள் ஜனங்க கல்லைக் கும்பிட்டாங்க" கதை இல்ல. எகிப்துல நைல் நதி இருந்துச்சு, மழை வருதோ இல்லையோ தண்ணி உண்டு. கானான் அப்படி இல்ல, வானத்து மழையைக் குடிக்கிற தேசம்னு உபாகமம் 11-லயே இருக்கு. மழை பொய்ச்சா பயிர் போச்சு, ஆடு மாடு போச்சு, அவ்ளோதான். அந்த ஊர்ல மழைக்கு இடிக்குன்னு இருந்த சாமிதான் பாகால். 1929-ல சிரியாவுல ராஸ் ஷம்ராங்கற இடத்துல தோண்ட ஆரம்பிச்சு உகாரித்ங்கற பழைய ஊரைக் கண்டுபுடிச்சாங்க, அங்க கிடைச்ச களிமண் பலகைகள்ல பாகால் கதையே இருக்கு, மேகத்து மேல சவாரி பண்றவன், அவன் சாவுங்கற சாமிகிட்ட தோத்து கீழ போனா நிலம் காஞ்சு போயிடும், திரும்பி வந்தா மழை. இப்போ ஒரு இஸ்ரவேல் விவசாயிய நினைச்சுப் பாருங்க. எகிப்துல இருந்து கூட்டிட்டு வந்தது கர்த்தர், அதுல அவனுக்கு சந்தேகமே இல்ல, அதை நினைச்சு பஸ்கா பண்டிகையும் கொண்டாடுவான். ஆனா பக்கத்து வயல்காரன் "இந்த ஊர்ல மழைக்கு பாகால்தாம்பா, நாங்க தலைமுறை தலைமுறையா பண்றோம்"ங்கறான். கர்த்தர் பெரியவர்தான், ஆனா மழை விஷயத்துல ரிஸ்க் எடுக்கலாமா?

2019 கோடையில நம்ம மெட்ராஸ் எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கும். செம்பரம்பாக்கம் பாளம் பாளமா வெடிச்சுக் கிடந்துச்சு, புழல்ல தண்ணி இல்ல, ஜோலார்பேட்டைல இருந்து ரயில்ல தண்ணி வந்துச்சு, ராத்திரி ரெண்டு மணிக்கு லாரி வந்தாலும் குடத்தோட ஓடினோம். அந்த மாதிரி நேரத்துல யாராவது வந்து "இதையும் பண்ணிப் பாரு, மழை வரும்"னு சொன்னா எத்தனை பேர் வேணாம்னு சொல்லியிருப்போம்? அந்தப் பயம்தான் பாகால் வழிபாட்டோட வேர்.

எலியா தீர்க்கதரிசி கர்மேல் மலைல நின்னு பேசறது இந்தப் பின்னணிலதான், வருஷக்கணக்கா மழை இல்லாம இருக்கும்போது. ராஜா ஆகாப். இந்த ஆகாபை நாம கர்த்தரையே தூக்கிப் போட்டவன்னு நினைக்கிறோம், ஆனா அவன் பசங்க பேரைப் பாருங்க, அகசியா, யோராம், ரெண்டுமே கர்த்தருடைய நாமத்தை உள்ள வச்ச பேரு. பொண்டாட்டி யேசபேல் சீதோன் ராஜா பொண்ணு, அவளுக்காக சமாரியாவுல பாகால் கோயில் கட்டிக் கொடுத்தான், பிள்ளைங்களுக்கு கர்த்தர் பேரு வச்சான். எல்லாரையும் அனுசரிச்சுப் போற நல்ல மனுஷன்னு இன்னைக்கு அவனைப் பாராட்டுவாங்க. அங்க பாகாலோட தீர்க்கதரிசிங்க 450 பேர் நிக்கிறாங்க, எலியா ஒரே ஆளு, அவன் ஜனங்களைப் பாத்துக் கேக்கறான்: "நீங்கள் எந்தமட்டும் இரண்டு நினைவுகளால் குந்திக்குந்தி நடப்பீர்கள்?" கர்த்தர் தெய்வம்னா அவர் பின்னாடி போங்க, பாகால்னா அவன் பின்னாடி போங்க. அடுத்த வரிதான் எனக்கு எப்பவும் பெருசா தெரியும். ஜனங்க ஒரு வார்த்தை பதில் சொல்லல. "நாங்க பாகால் பக்கம்"னு யாரும் சொல்லல, "கர்த்தர் பக்கம்"னும் சொல்லல. எதுக்கு ஒரு பக்கம் நிக்கணும், ரெண்டும் இருந்துட்டுப் போகட்டுமேன்னு நினைக்கிற கூட்டம் அப்படித்தான் நிக்கும். அப்புறம் எலியா பலிபீடத்து மேல நாலு குடம் தண்ணிய மூணு தடவை ஊத்தச் சொல்றான், பஞ்சத்துல பன்னெண்டு குடம் தண்ணி! அந்த இடத்துல கூட்டத்துல எத்தனை பேருக்கு வயிறு எரிஞ்சிருக்கும்னு நான் யோசிப்பேன்.

இதெல்லாம் தீர்க்கதரிசிங்க மிகைப்படுத்தி எழுதினதா இருக்கலாமேன்னு யாராவது கேட்டா, மண்ணுக்குள்ள இருந்தே சாட்சி வந்திருக்கு. சீனாய் வடக்குல குந்திலத் அஜ்ரூத்னு ஒரு இடம், 1975, 76-ல தோண்டினாங்க, கி.மு. 800-ஐ ஒட்டின காலம். அங்க கிடைச்ச பெரிய ஜாடிகள்ல "சமாரியாவின் யாவே, அவருடைய அசேரா" பேரால ஆசீர்வாதம் எழுதியிருக்கு. யாவேங்கறது கர்த்தரோட பேருதான். அசேரான்னா நம்ம பழைய பைபிள்ல தோப்பு விக்கிரகம்னு வருமே அதுதான். அது தேவியைக் குறிக்குதா, இல்ல வழிபாட்டுக்கு நட்டு வைக்கிற மரத்தைக் குறிக்குதான்னு அறிஞர்களுக்குள்ள சண்டை இன்னும் ஓடுது. எதுவா இருந்தாலும், கர்த்தர் பேரும் இருக்கு, பக்கத்துல இன்னொண்ணும் இருக்கு, எழுதினவனுக்கு அது தப்பாவே தெரியல. நம்ம ஊர் ஆட்டோ டேஷ்போர்டுல பிள்ளையார், மாதா, 786 மூணும் வரிசையா இருக்கும்ல, அதைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஜாடி ஞாபகம் வரும். ஆட்டோக்காரர் மேல குத்தம் சொல்லல, அவர் யாருக்கும் "உம்மை மட்டும்தான்"னு வாக்குக் கொடுக்கல. வாக்குக் கொடுத்தது நாம, ஞானஸ்நானத்துலயும் திடப்படுத்தல்லயும்.

இந்த வித்தியாசத்தைப் புடிச்சுக்கோங்க, இல்லைன்னா இந்தத் தலைப்பு அசிங்கமான இடத்துக்குப் போயிடும். அடுத்தவங்க சாமிய கிண்டல் பண்றது விசுவாசம்னு நினைக்கிற சிலபேர் நம்மகிட்ட உண்டு. அப்போஸ்தலர் 19-ல எபேசு பட்டணத்துல தியானாள் கோயில் வெள்ளி வியாபாரம் படுத்துடும்னு தெமேத்திரியுங்கற தட்டான் ஊரையே திரட்டி கலாட்டா பண்றான், கடைசில கூட்டத்தை அடக்கறது ஊர் அதிகாரி, அவன் அப்போஸ்தலர் பவுலோட ஆளுங்களைப் பத்தி என்ன சொல்றான்னா, இவங்க கோயிலையும் கொள்ளையடிக்கல, உங்க தேவியையும் தூஷிக்கலங்கறான். கொஞ்ச நஞ்ச நாள் இல்ல, ரெண்டு வருஷத்துக்கு மேல பவுல் அந்த ஊர்ல பிரசங்கம் பண்ணியிருக்கார், வெளி ஆள் ஒருத்தன் அப்படி சாட்சி சொல்ற அளவுக்குத்தான் அவர் நாக்கு இருந்திருக்கு. நம்ம ஆளுங்க யூட்யூப்ல பேசறதைப் பாத்தா எனக்கு வெக்கமா இருக்கு.

சிலை வச்சாலே விக்கிரகமான்னு நடுவுல ஒரு வரி கேட்டிருந்தீங்க, சாந்தோமையும் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதாவையும் மனசுல வச்சுதான் கேக்கறீங்கன்னு புரியுது. நான் சிஎஸ்ஐ, புராட்டஸ்டன்ட் சபை, என் சாய்வு உங்களுக்குத் தெரியும். ஆனாலும் உடன்படிக்கைப் பெட்டி மேல பொன்னால ரெண்டு கேருபீன், அதாவது ரெக்கை வச்ச தூதர் உருவம், வைக்கச் சொன்னதே கர்த்தர்தான், அதனால உருவம் செஞ்சாலே பாவம்னு சொல்ல முடியாது. மரியாதை செலுத்தறது வேற, கடவுளுக்கு மட்டும் உரிய ஆராதனை வேறன்னு கத்தோலிக்க சபை 787-ல நிசேயாவில நடந்த சங்கத்துல இருந்து தெளிவாவே சொல்லிட்டு இருக்கு. நடைமுறைல அந்தக் கோடு அழியுதாங்கறது அவங்க வீட்டுப் பிரச்சனை, அதை அவங்க பாத்துக்கட்டும், நம்ம வீட்ல வேண்டிய அளவு இருக்கு.

என்ன இருக்குன்னு கேக்கறீங்களா? மோசே பண்ண வெண்கல சர்ப்பம் தெரியும்ல, கர்த்தரே செய்யச் சொன்னது, பாம்பு கடிச்சவங்க அதைப் பாத்துப் பொழைச்சாங்க. பல நூறு வருஷம் கழிச்சு ஜனங்க அதுக்குத் தூபம் காட்டிட்டு இருந்தாங்க, எசேக்கியா ராஜா உடைச்சுப் போட்டான். கர்த்தர் கொடுத்த பொருளே விக்கிரகமாச்சுங்கறதுதான் அங்க விஷயம். இப்போ டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைக்கு வாங்க. பன்னெண்டு மணி தாண்டினதும் பைபிள் வசனம் எழுதின வாக்குத்தத்த அட்டை எடுக்க வரிசை நிக்கும். எங்க சபைல ஒரு அம்மா அட்டைய எடுத்தாங்க, கண்ணாடிய இறக்கிப் படிச்சாங்க, "உபத்திரவம்"னு ஏதோ வந்திருக்கும் போல, மெதுவா திரும்ப டப்பாக்குள்ள சொருகிட்டு இன்னொண்ணு எடுத்தாங்க, "ஆசீர்வதிப்பேன்"னு வந்ததும் மடிச்சு பர்ஸ்ல வச்சிக்கிட்டுப் போனாங்க. யாருக்கும் அது வித்தியாசமா தெரியல, பின்னாடி நின்னவங்களும் சிரிக்கல. கிளி எடுக்க வேண்டிய சீட்டை நாமே எடுக்கறோம், அவ்வளவுதான். ஜெபம் பண்ண எண்ணெய், பாஸ்டர் கை வச்ச கர்ச்சீப், வாசலுக்கு மேல சிலுவை மாட்டினா கெட்டது வராதுங்கற நம்பிக்கை, இதெல்லாம் மோசே காலத்து சர்ப்பம் மாதிரி மெள்ள மெள்ள இடம் மாறிடுது.

நியாயாதிபதிகள் 17-ல மீகான்னு ஒருத்தன் வருவான், அவனைப் பத்தி யாரும் பிரசங்கமே பண்றதில்ல. அம்மாகிட்ட இருந்து 1100 வெள்ளிக்காசு திருடறான், அம்மா சாபம் விட்டதும் பயந்து திருப்பிக் கொடுத்துடறான், அந்தம்மா சந்தோஷத்துல கர்த்தருக்குன்னு நேர்ந்துக்கிட்டு அதுல 200 காசைத் தட்டான்கிட்ட கொடுத்து சிலை செய்யறாங்க. கர்த்தருக்காக, கர்த்தர் வேணாம்னு சொன்ன சிலை! அப்புறம் வழில போன ஒரு லேவியனை, அதாவது கர்த்தர் வேலைக்குன்னே ஒதுக்கின கோத்திரத்து ஆளைக் கூப்பிட்டு வருஷத்துக்குப் பத்து வெள்ளிக்காசு, துணி, சாப்பாடுன்னு சம்பளம் பேசி வீட்டுப் பூசாரியா வச்சிக்கிறான், "இனிமே கர்த்தர் எனக்கு நன்மை செய்வார்"னு நிம்மதியாயிடறான். அடுத்த அதிகாரத்துலயே தாண் கோத்திரத்து ஆளுங்க 600 பேர் வந்து சிலையையும் தூக்கிட்டுப் போறாங்க, ஒரு வீட்டுக்குப் பதிலா ஒரு கோத்திரத்துக்கே பூசாரியாகலாமேன்னு அந்த லேவியனும் கூடவே போயிடறான். மீகா பின்னாடியே ஓடி வந்து, நான் பண்ண தேவர்களை எடுத்துட்டுப் போறீங்களே, எனக்கு இனி என்ன இருக்குன்னு அழறான். தூக்கிட்டுப் போயிட முடியற சாமிய வச்சுதான் அவன் அவ்ளோ நிம்மதியா இருந்திருக்கான்.

சரி, உங்க ஆபீஸ் விஷயம். ரெண்டு இடம் படிங்க. ஒண்ணு நாகமான், 2 இராஜாக்கள் 5. சீரியா படைத்தலைவன், குஷ்டம் சொஸ்தமானதும் இனி கர்த்தருக்கு மட்டும்தான் பலியிடுவேன்னு சொல்லிட்டு, எலிசா தீர்க்கதரிசிகிட்ட ஒரு சங்கடத்தை சொல்றான். என் ராஜா ரிம்மோன் கோயிலுக்குப் போகும்போது என் கை மேல சாஞ்சிட்டுத்தான் குனிவார், நானும் குனியணும், வேலை அப்படி, கர்த்தர் இதை மன்னிக்கணும். எலிசா அவனுக்கு பைபிள் ஸ்டடி எடுக்கல, "வேலைய ரிசைன் பண்ணு"ன்னும் சொல்லல, "சமாதானத்தோடே போ"ன்னு அனுப்பிட்டான். சரின்னும் சொல்லல, தப்புன்னும் சொல்லல, கவனிங்க. யாரைக் கும்பிடறோங்கற விஷயம் அவன் மனசுல முடிவாயிடுச்சு, குனியறது உடம்பு மட்டும்தான்.

ரெண்டாவது 1 கொரிந்தியர் 8-ல இருந்து 10 வரைக்கும். அந்த ஊர்ல கோயிலை ஒட்டியே சாப்பாட்டு அறைங்க இருந்துச்சு, விசேஷம், தொழில்காரங்க விருந்து எல்லாம் அங்கதான், நம்ம ஊர் மண்டபம் மாதிரி வச்சுக்கோங்க. பவுல் மூணா பிரிக்கிறார். கடையில விக்கிற கறிய எங்கிருந்து வந்துச்சுன்னு நோண்டாம வாங்கி சாப்பிடு. அவிசுவாசி ஒருத்தர் வீட்டுக்குக் கூப்பிட்டா போய், வச்சதை சாப்பிடு, ஆனா ஒருத்தன் "இது படைச்சது"ன்னு குறிப்பா சொன்னா, அவன் மனசாட்சிக்காக விட்டுடு. கோயில் பந்தியிலயே பங்காளியா உக்கார்றது மட்டும் வேணாம், கர்த்தருடைய போஜனபந்திக்கும் அதுக்கும் ஒருசேர உக்கார முடியாது. இதை உங்க ஆபீஸுக்குக் கொண்டு வந்தா, என் கணக்குல, கூட நிக்கறது தப்பில்ல, டீம்ல எல்லாரும் சந்தோஷமா இருக்கும்போது நீங்க மட்டும் காபி மெஷின் பக்கம் போய் ஒளியணும்னு இல்ல. உங்க மானிட்டர்ல ஹவுஸ்கீப்பிங் அக்கா சந்தனம் வச்சிட்டுப் போனா துடைச்சுத் துடைச்சு அவங்களை அசிங்கப்படுத்தாதீங்க. தட்டை எடுத்து ஆரத்தி காட்டச் சொன்னா மட்டும் "நான் கிறிஸ்டியன், நீங்க பண்ணுங்க"ன்னு சிரிச்சிட்டே சொல்லிடலாம், யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. பொரி விஷயத்துல எங்க சபையிலயே ரெண்டு கட்சி இருக்கு, சாப்பிட்டா பாவம்ங்கறவங்களும் உண்டு, உங்களுக்கு மனசு உறுத்துச்சுன்னா சாப்பிடாதீங்க, பவுலே அதைத்தான் சொல்வார்.

ஜாதகத்துக்கு வருவோம். ஆகாப் பையன் அகசியான்னு சொன்னேன்ல, 2 இராஜாக்கள் முதல் அதிகாரம். சமாரியாவுல மேல்மாடில இருந்து கிராதி வழியா கீழ விழுந்துட்டான், பொழைப்போமான்னு தெரியணும், எக்ரோன் ஊர் பாகால்சேபூப்கிட்ட ஆள் அனுப்பறான். எலியா வழியிலயே மடக்கி, இஸ்ரவேல்ல தேவன் இல்லைன்னா அங்க விசாரிக்கப் போறீங்கன்னு கேக்கறான். அவன் எக்ரோன் சாமிக்கு பலி கூட கொடுக்கல, விழுந்து கும்பிடல, ஒரு கேள்வி கேக்கத்தான் அனுப்பினான். என் நாளை யார் கையில இருக்கு, இதான் அந்தக் கேள்வி. அதை யார்கிட்ட கொண்டு போறோங்கறதுலதான் பாட்டுல பாடற "நீரே போதும்" உண்மையா இல்லையான்னு தெரியும். "சும்மா சேஃப்டிக்கு"ங்கற வார்த்தை உங்களுக்கு சாதாரணமா படுது, எனக்கு அது அந்தக் கானான் விவசாயி பேசின அதே பேச்சா படுது. பத்துப் பொருத்தம் சரியா வரலைன்னா என்ன பண்ணுவாங்க, யோசிச்சீங்களா? நிறுத்திடுவாங்க. அப்போ கல்யாணத்துல கடைசி முடிவு யார் கையில போச்சு?

இதோட இன்னொண்ணையும் சொல்லாம விட்டா நான் பாதி உண்மைதான் சொன்னவனாவேன். பொருளாசையே விக்கிரகாராதனைன்னு கொலோசெயர் 3:5 சொல்லுது, அதை எல்லா பிரசங்கத்துலயும் கேட்டிருப்பீங்க. கேக்காதது சாதி. நம்ம கிறிஸ்தவ மணமகள் தேவை விளம்பரத்தைப் பாருங்க, "இரட்சிக்கப்பட்ட, ஜெபிக்கிற பெண்"னு போட்டுட்டு அடுத்த வார்த்தையே சாதிப் பேரு. 1833-ல கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள்ள சாதி வித்தியாசத்தை உடனே, அடியோட விட்டுடணும்னு சுற்றறிக்கை விட்டார், நம்ம வேப்பேரிலயே பல பேர் அதை ஏத்துக்காம சபையை விட்டே வெளியேறினாங்க. குடுமியையும் பொட்டையும் பத்தி மிஷனரிங்க பக்கம் பக்கமா சண்டை போட்டாங்க, சர்ச்சை விட்டாலும் விடுவோம் இதை விடமாட்டோம்னு ஜனங்க கடைசில எதைப் புடிச்சிக்கிட்டாங்கன்னு பாருங்க. ஜாதகம் வேணாம்னு துணிச்சலா சொல்லிட்டு, சாதி மட்டும் பாத்துப் பொண்ணு எடுத்தீங்கன்னா நான் மேல எழுதினதெல்லாம் வேஸ்ட்.

நீங்க செய்ய வேண்டியதுன்னு பாத்தா, பொண்ணு வீட்ல "எங்க வீட்ல ஜாதகம் எழுதற வழக்கம் இல்லைங்க"ன்னு மரியாதையா சொல்லிடலாம், பெரிய பிரசங்கம் வேணாம். பொண்ணோட தனியா உக்காந்து பேசணும்னு கேளுங்க, ரெண்டு பேரும் ரத்தப் பரிசோதனை பண்ணிக்கலாம்னு கேளுங்க, அவங்க சேஃப்டிதானே கேக்கறாங்க. ஆனா அதுக்கு முன்னாடி அம்மாகிட்ட பேசிடுங்க, பொண்ணு வீட்டுக்காரங்க உக்காந்திருக்கும்போது அவங்களை விட்டுக்கொடுத்துடாதீங்க. அவங்களுக்கு எதிரா போறோமேன்னு பயமா இருந்தா நியாயாதிபதிகள் 6 படிங்க. கர்த்தர் கிதியோன்கிட்ட உங்கப்பா வச்சிருக்கற பாகால் பலிபீடத்தை இடின்னு சொல்றார், அவன் வீட்டு ஆளுங்களுக்கும் ஊருக்கும் பயந்துக்கிட்டு பத்து வேலைக்காரங்களோட ராத்திரிலதான் போய் இடிக்கறான். பயந்தியேன்னு பைபிள் அவனை ஒரு வார்த்தை திட்டல. காலையில ஊரே திரண்டு வந்து உன் பையனை வெளிய அனுப்பு, அவன் சாகணும்னு நின்னப்போ அவனுக்காக வாசல்ல நின்னு பேசினது யாருன்னா, அவன் யாருக்குப் பயந்தானோ அந்த அப்பா யோவாஸ்தான்: பாகால் தேவனா இருந்தா அவனே அவனுக்காக வழக்காடட்டும்னுட்டார்.